இரைச்சலுக்கு அடியில்

"ஃபியூஸ் கட்டையக் குடுடி! ஏ ஷெரின், கதவத் தொறந்து கட்டையக் குடுடிங்கிறேன்!"

மாடியறைக் கதவை அம்மா வியாகுலமேரி இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தாள். போன மார்கழியில் அடுப்புக்குப் பின்னால் சாரைப்பாம்பு சுருண்டு கிடந்தபோதுகூட அவள் இப்படிக் கத்தியதில்லை. மெயின் போர்டிலிருந்து பிடுங்கிய பீங்கான் கட்டை ஷெரினின் உள்ளங்கைக்குள் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மின்விசிறி கடைசிச் சுற்றுச் சுற்றி நின்றுவிட்டது. கீழே ஃபிரிட்ஜின் முனகல் அடங்கிவிட்டது. மேற்கு மலையில் கட்டியிருந்த கோடை மேகம் ஏழு மணிக்கே ஊரின் மிச்ச வெளிச்சத்தையும் துடைத்துவிட்டிருந்தது. அந்த இருட்டில் பேட்டரியில் ஓடும் ரேடியோவின் சின்ன மஞ்சள் விளக்கும், அதிலிருந்து வந்த அப்பாவின் குரலும் மட்டுமே மிச்சம்.

"பாப்பா... கேக்குதா?"

கேட்டது. பத்தொன்பது நாளில் முதல் தடவையாக முழுசாகக் கேட்டது. மூச்சு விடுவதுகூடக் கேட்டது. மூச்சுக்குப் பின்னால் தண்ணீர் சலசலப்பதும் கேட்டது.

ஆனால் ஷெரினுக்குக் கண்ணெல்லாம், வரும் சத்தம் எவ்வளவு பலம் என்று காட்டும் ரேடியோவின் முள்மேல்தான். முள் நிற்கும் இடம் சரியில்லை.

அப்பா மிக்கேல் குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். தோட்டத்தில் செல்போன் டவர் கிடையாது. அதனால் லைசென்ஸ் எடுத்து ஹாம் ரேடியோ வைத்தார். மகளையும் மதுரைக்குக் கூட்டிப்போய் அதற்கான பரீட்சை எழுத வைத்தார். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த மலைக்கும் மார்க்கையன்கோட்டை வீட்டின் இந்த மாடியறைக்கும் பேச்சு நடக்கும். ஒருவர் பட்டனை விட்டால்தான் மற்றவர் பேச முடியும். பேசி முடித்ததும் 'ஓவர்' சொல்லாவிட்டால் அப்பா பதிலே தரமாட்டார். "ஓவர் சொல்லு பாப்பா, மரியாதையா" என்று சிரிப்பார்.

ஏப்ரல் நடுவில் இரைச்சல் வந்தது. நீட் பரீட்சைக்கு ஷெரின் ஆன்லைனில் படித்துக்கொண்டிருந்தாள். மாடிக்கு நெட் எட்டவில்லை என்று அம்மாவே கேபிள்காரர் விஜய்பாண்டியைக் கூப்பிட்டு, கரண்டு ஒயர் வழியாகவே நெட்டைக் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டர் மாட்டச் சொன்னாள். கீழே ஒன்று, மாடியில் ஒன்று. பிளக்கில் செருகும் வெள்ளைப் பெட்டிகள். வகுப்பு திக்காமல் வந்தது. ஆனால் சுவருக்குள் ஓடும் ஒயரெல்லாம் ஏரியல் மாதிரி ஆகி, ரேடியோவில் ஓயாமல் கடுகு பொரிவது போல, மூடிய பாத்திரத்துக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல ஒரு கொறகொறப்பு. அதற்கு அடியில் எங்கேயோ அப்பா.

"கழட்டிருவோம்மா. அப்பா பேசுறதே கேக்கல."

"பரீச்ச முடியட்டும். அப்பறம் உங்கப்பாவக் கட்டிக்கிட்டு அழு..." என்றவள் பாதியிலேயே நிறுத்திவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வரும் அப்பா அந்த வாரம் வரவில்லை. மருந்தடிப்பு, லீவு தரமாட்டேங்கிறாக என்றாள் அம்மா. அடுத்த சனிக்கிழமையும் அதே பதில். திருவிழாவுக்குத் தவிரப் பூ வைக்காத அம்மா தினமும் மல்லிகைச் சரம் வைக்க ஆரம்பித்ததும் அப்போதுதான். தெருவிலும் திடீரென்று ஒரு கரிசனம். பால் ஊற்றும் பொன்னாத்தாள் "நல்லாச் சாப்புடு ஆத்தா" என்று கன்னத்தைத் தொட்டுவிட்டு வேகமாகப் போனாள்.

ஷெரின் இரைச்சலோடு மல்லுக்கட்டினாள். சிநேகிதி அனுஷ்காவின் அண்ணன் சின்னமனூரில் செல்போன் கடை வைத்திருந்தான். ஒயரைக் கவ்விக்கொண்டு இரைச்சலை வடிகட்டும் கருப்பு ஃபெரைட் வளையங்களை அவனிடம் வாங்கி வந்தாள் அனுஷ்கா.

"இதெல்லாம் இப்ப எதுக்குடி? படி."

"எங்கப்பா குரலக் கேக்கவாச்சும் விடுடி."

அனுஷ்கா அவள் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளைத் திருப்பிக்கொண்டாள்.

வளையங்களை மாட்டியதும் கொறகொறப்பு ஒரு படி இறங்கி, "பாப்பா" என்ற ஒற்றைச் சொல் மேலே வந்தது. பிறகு அடாப்டரின் செட்டிங்கைத் திறந்து, அப்பா பேசும் அலைவரிசையை மட்டும் தொடாதே என்று மாற்றினாள். "குருவனூத்துப் பாலம் தாண்டிட்டேன்" என்று கேட்டது. நான்கு நாள் கழித்து, "பாளையத்துப் படித்துற." அப்பா மலையிறங்கி வருகிறார்! பரீட்சைக்கு முன்னால் வந்துவிடுவார்! அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் ரேடியோவையே பூட்டிவைப்பாள். ஒவ்வொரு நாளும் முள் ஒரு கோடு ஏறியது. ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. தன் கைவேலை பலிக்கிறது என்றே நினைத்தாள். அப்பா ஒரு தடவைகூட 'ஓவர்' சொல்லாததை இரைச்சல் தின்றுவிட்டது என்று நினைத்தாள்.

மிச்சமிருந்த இரைச்சலை இன்று தேடினாள். அப்பா சொல்லிக்கொடுத்த முறைதான்: சின்ன ரேடியோ ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு பிளக் பிளக்காகப் போக வேண்டும், எங்கே சத்தம் வீங்குகிறதோ அங்கே திருடன் இருக்கிறான். அவளுடைய பீரோவுக்குப் பின்னால் வீங்கியது. ஏரியல் ஒயர் உள்ளே நுழையும் இடத்தை ஒட்டி, மூன்றாவதாக ஒரு வெள்ளைப் பெட்டி. அதிலிருந்து எந்த ஒயரும் எங்கேயும் போகவில்லை.

விஜய்பாண்டிக்குப் போன் போட்டாள்.

"அது உங்கம்மா கேட்டு மாட்டுனதுதான் பாப்பா. ஏரியலுக்குப் பக்கத்துலயே சொருகச் சொன்னாக. நீ பரீச்சயப் பாரு ஆத்தா" என்று வைத்துவிட்டார்.

நெட்டுக்காக இல்லை. சத்தத்துக்காகவே வைத்தது. அம்மா வேண்டுமென்றே அப்பாவின் குரலை அமுக்கியிருக்கிறாள். அந்தப் பெட்டியைத் தொடக்கூட அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இந்த வீட்டுச் சுவர்களில் இன்னும் எத்தனை ஒளிந்திருக்கிறதோ! படியிறங்கிப் போய் மொத்த வீட்டுக்குமான ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஓடிவந்து தாழ்ப்பாள் போட்டாள்.

இப்போது இரைச்சல் இல்லை.

முள்ளு இரைச்சலையும் சேத்துத்தான் காட்டும் பாப்பா என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் இரைச்சல் போனதும் முள் இறங்க வேண்டும். இது வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. அப்படி நின்று அவள் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். அப்பா புது செட்டைச் சோதிக்க, வீட்டுக் கொல்லையிலிருந்து பேசிய அன்று.

"நீ அப்பாவ அமுக்கி வச்சிருந்தது எனக்குத் தெரியும்மா!" என்று கதவைப் பார்த்துக் கத்தினாள். "இப்பப் பேசுறாக! நல்லாக் கேக்குது!"

தட்டுவது நின்றது.

"என்னத்தடி கேக்குது?"

"அப்பா."

கதவின் அந்தப் பக்கம் வளையல்கள் மரத்தில் உரசிக்கொண்டே கீழே இறங்கின. அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

"அவுக இல்லடி ஆத்தா. பத்தொம்பது நாளாச்சு. ராத்திரி மழையில தோட்டத்து ஓடை பொங்கி, அவுகளத் தங்கியிருந்த ஷெட்டோட அடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. ஒடம்பு கெடைக்கல. பரீச்ச முடியுற வரைக்கும் ஒனக்குத் தெரிய வேணாம்னு... ரேடியோ சும்மா இருந்தா நீ கேப்பியே, அதுக்குத்தான் அந்தப் பெட்டி. சத்தம் இருந்தா, அப்பா அடியில பேசிக்கிட்டு இருக்காகன்னு நெனைச்சுக்குவேல்ல."

ஷெரின் கதவைத் திறந்தாள். செல்போன் டார்ச் வெளிச்சத்தில் அம்மா தன் அறைக்குப் போய், கட்டிலுக்கு அடியிலிருந்து ஓர் உரச்சாக்கை இழுத்து வந்தாள். உள்ளே, தோட்டத்தில் அப்பா வைத்திருந்த ரேடியோ செட். டயல் முழுக்கச் சேறு. மைக்கின் ஒயர் அறுந்து கிடந்தது. சாக்கின் வாயைப் பிரித்ததும் வண்டல் வாடையும் பச்சை ஏலக்காய் வாடையும் மாடி முழுக்கப் பரவின.

"தெருவுக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அனுஷ்காவுக்கு?"

அம்மா சாக்கின் வாயைச் சுருட்டிப் பிடித்தாள். தலையில் மல்லிகை. பால்காரியின் கை. அனுஷ்காவின் சைக்கிள். ஊரே கூடிப் பேசி வைத்துக்கொண்டு, அவளை மட்டும் வெளியே நிறுத்தியிருக்கிறது.

"பாப்பா" என்றது மேசைமேல் இருந்த ரேடியோ. "நம்ம வாய்க்காலுக்கு வந்துட்டேன்."

அம்மாவின் கையிலிருந்து செல்போன் விழுந்தது. அவளுக்கும் கேட்டுவிட்டது.

பாலம். படித்துறை. வாய்க்கால். பஸ்ஸில் வருகிறவர்கள் யாரும் படித்துறையைச் சொல்வதில்லை. மூன்றும் ஒரே ஆற்றின் தடம். முள்ளை ஏற்றியது அவள் மாட்டிய வளையம் இல்லை. ஒவ்வொரு நாளும் அது ஆற்றோடு பக்கத்தில் வந்திருக்கிறது.

அம்மா அவள் கையிலிருந்து கட்டையைப் பறித்துக்கொண்டு தடதடவென்று படியிறங்கினாள். ஷெரினும் பின்னாலேயே ஓடினாள். கட்டை உள்ளே போனது. விளக்கு எரிந்தது. மேலே ரேடியோவில் கடுகு பொரிந்தது. கொறகொறவென்று, வீடு நிறைய. பத்தொன்பது நாளாக அவள் வெறுத்த சத்தம். இப்போது அதைக் கேட்டு அழுகை வந்தது. அம்மா போர்டின்மேல் நெற்றியை வைத்து, "மாதாவே" என்றாள்.

"பாப்பா."

இரைச்சலுக்கு அடியிலிருந்து வரவில்லை. மாடியிலிருந்தும் வரவில்லை.

கொல்லைக் கதவு.

கொல்லையை ஒட்டி ஓடும் வாய்க்காலில் ஜூன் மாதம்தான் தண்ணீர் விடுவார்கள். நேற்றுக்கூட வெடித்த மண்ணில் பையன்கள் கிரிக்கெட் விளையாடினார்கள். இப்போது சலசலப்பு. கதவை ஒட்டி. கதவுக்கு அடியில் பழுப்புத் தண்ணீர். சத்தமில்லாமல், மெல்லிசாக. சிமெண்டுத் தரையில் பரவி வந்து அவள் கால்விரலைத் தொட்டது. சில்லென்று. அதில் மிதந்து வந்தது ஒரு பச்சை ஏலக்காய்.

"கதவத் தொற பாப்பா."

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "தொறக்காதடி. அது அவுக இல்ல. சத்தியமாச் சொல்றேன், அவுக இல்ல."

சத்தியமாம்.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு இழுத்தார்கள். ஈரமாக. நிதானமாக.

"ஓவர்."

பட்டனை விட்டாயிற்று. இனி அவள் முறை. பத்தொன்பது நாளும் பொய் சொன்னவள் கையைப் பிடித்திருக்கிறாள். ஒரு நாளும் பொய் சொல்லாதவர் கதவுக்கு வெளியே காத்திருக்கிறார்.

யார் சொல்வதை அவள் நம்புவது?