அலரியின் சாவி நாள்

“அதையும் மூடிட்டியா?”

“மூடிட்டேன்.”

“ஏய், அதுல நீ எவ்வளவு அழகா இருப்ப தெரியுமா! பக்கெட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு, தலை பூரா சோப்பு நுரையோட...”

“ஒட்டுத்துணி இல்லாம இருக்கேன்பா.”

“ஒரு வயசுக் குழந்தைக்கு எதுக்குடி துணி?”

“குழந்தையா இருந்தாலும் அது நான்தானே?”

கவின் காபித் தம்ளரை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டியபடி சுவர்த்திரையைப் பார்த்தார். படத்தில் வாளி அப்படியே இருந்தது. அதற்குள் அவர் மகள் அலரி இருந்த இடத்தில் இப்போது ஒரு வெண்மூட்டம் உட்கார்ந்திருந்தது.

உறையூரில் அவர்கள் குடியிருந்த அடுக்ககத்தில் யாருக்காவது சாவி நாள் என்றால் காலையிலேயே பாயச வாசனை மாடிப்படியெல்லாம் இறங்கும். பதினெட்டு வயது நிறைந்தால், அதுவரை பெற்றோர் வைத்திருந்த முகச்சாவி பிள்ளையின் கைக்கு வந்துவிடும். மேகப்பெட்டகத்தில் உள்ள எந்தப் படமும் எடுத்தவருக்குச் சொந்தமில்லை. அதைச் சேமித்து வைத்திருக்கும் நிறுவனத்தாலும் திறக்க முடியாது. முகத்துக்கு உரியவர் இசைந்தால் முகம் தெரியும், இல்லாவிட்டால் மூட்டம். முகத்தை மட்டும் மூடலாம், முழு உருவத்தையும் மூடலாம். ஒரு காலத்தில் இயந்திரங்கள் யார் யாருடைய முகங்களையோ அள்ளிக்கொண்டுபோய், வேறு உடம்புகளில் ஒட்டி விற்றன. அதன் பிறகு வந்த சட்டம் இது. அலரியின் வயதுக்காரர்களுக்கு இதில் வியப்பு எதுவுமில்லை. வீட்டுக்குக் கதவு இருப்பதைப் போலத்தான்.

திரையின் ஓரத்தில், காணொலி அழைப்பில் அத்தை எட்டிப் பார்த்தாள். “ஏண்டி, என் கல்யாணப் படத்தைக் கிடத்தை மூடிறாத. உன்னைய நம்பித்தான் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன்.”

“அதுல நான் நாக்கைத் துருத்திக்கிட்டு நிக்கிறேன் அத்தை.”

“நில்லு, நல்லா நில்லு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு அப்பவே அது பொருத்தமாத்தான் இருந்துச்சு.”

அலரி சிரித்தாள். அந்தப் படத்தைத் திறந்தே விட்டாள். அத்தை நிம்மதியாக மறைந்துபோனாள்.

பிறகு வந்தவை அவள் கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்தவை. எல்லாவற்றிலும் ஒரு மூட்டம் அவளைத் தூக்கி வைத்திருந்தது. மூட்டம் அவளுக்குச் சோறு ஊட்டியது, சன்னலோரம் சாய்ந்து தூங்கியது. முகம் இல்லாத அந்த உருவத்தின் கைகள் மட்டும் அலரிக்கு மனப்பாடம். இடது மணிக்கட்டில் கறுப்புக் கயிறு. ஒட்ட வெட்டிய நகங்கள். அம்மா யாழினி. அலரி நடக்கப் பழகுவதற்குள் வீட்டைவிட்டுப் போனவள், போன அன்றே தன் முகத்தை எல்லாப் படங்களிலும் மூடிவிட்டிருந்தாள். எங்கே இருக்கிறாள் என்பது பெட்டகத்துக்கு மட்டும் தெரியும். அது யாருக்கும் சொல்லாது.

ஆனால் ஒரு செய்தியைக் கொண்டுசேர்க்கும். மூட்டத்தின் கீழே ‘வேண்டுகை’ என்ற பொத்தான் இன்றுதான் முதன்முதலாக அலரிக்கு ஒளிர்ந்தது. ஒருவரிடம் ஒருவர் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் வேண்டலாம். மறுத்துவிட்டால் அவ்வளவுதான். தொந்தரவு செய்யக்கூடாது என்பதற்காக வைத்த விதி.

“நீங்க உங்க வேண்டுகைல என்னப்பா எழுதுனீங்க?”

கவின் தரையைப் பார்த்தார். “பெத்த பிள்ளைக்கு மொகத்தைக் காட்டாதவ ஒரு தாயான்னு எழுதுனேன்.”

“சூப்பர்.”

“கோவம்டி. ஒரு நிமிஷத்துல முடியாதுன்னு வந்துருச்சு.” அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “நீ அழுத்திக் கேளு. அந்த ஆஸ்பத்திரிப் படத்தைக் கேளு. நீ பொறந்து பத்து நிமிஷம், உன்னைய நெஞ்சுல போட்டிருப்பா. அதைப் பாத்தா உனக்கே புரியும். அவ மொகத்துல அப்படி ஒரு...”

“அப்பா. நான் அந்த பக்கெட் படத்தை மூடுனேனே, உங்க மேல கோவத்துலயா மூடுனேன்?”

“சேச்சே.”

“அப்ப அம்மா மட்டும் கோவத்துலதான் மூடுனாங்கன்னு எப்படிச் சொல்றீங்க?”

குக்கர் விசில் அடித்தது. கவின் எழுந்து போய் அணைத்தார். திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

“அவளுக்குத் தெரியாமத்தான் எடுப்பேன்” என்றார் மெதுவாக. “தூங்குறப்ப, சாப்பிடுறப்ப. அப்பத்தான் இயல்பா இருக்கும்னு. அந்த ஆஸ்பத்திரிப் படத்தை அன்னைக்கே சொந்தக்காரங்க குரூப்ல போட்டுட்டேன். மொகமெல்லாம் வீங்கி, நைட்டி நனைஞ்சு கெடந்தா. எடுத்துருங்கன்னா. ‘எல்லாரும் நம்ம ஆளுங்கதானே’ன்னு சிரிச்சேன். மறுபடியும் சொன்னா. அதுக்கும் சிரிச்சேன்.”

அலரிக்கு அந்த முகம் வேண்டும். பள்ளிக்கூடத்தில் ‘நீ யார் ஜாடை’ என்று கேட்ட ஒவ்வொரு முறையும் வேண்டியிருந்தது. கண்ணாடியில் தன் முகத்திலிருந்து அப்பாவின் மூக்கையும் தாடையையும் கழித்துவிட்டு மிச்சத்தைத் தேடியிருக்கிறாள். கையில் இருப்பதோ ஒரே ஒரு வேண்டுகை.

“அந்தப் படத்தைக் கேக்காத” என்றார் கவின். “எந்தப் படத்தையும் கேக்காத. எல்லாமே நான் எடுத்தது.”

அவர் தோளைத் தொட்டுவிட்டு அலரி திரையின் முன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எழுதி, அழித்து, மறுபடி எழுதினாள். அப்பா எட்டிப் பார்க்கவில்லை. சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அப்படி அவர் நின்று அவள் பார்த்ததே இல்லை. கடைசியாக ஒருமுறை படித்துவிட்டு அனுப்பினாள்.

‘அம்மா, நான் அலரி. இன்று என் சாவி என் கைக்கு வந்தது. எனக்கு என்னைப் பிடித்திருக்கிற படம் ஒன்றை உங்களுக்குத் திறந்து வைத்திருக்கிறேன். தோன்றும்போது பாருங்கள், பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. பழைய படம் எதையும் நீங்கள் திறக்க வேண்டாம். உங்களுக்கு உங்களைப் பிடித்த படம் என்று ஒன்று இருக்குமே, நேற்று எடுத்ததாக இருந்தாலும் சரி, அதை மட்டும் நான் பார்க்கலாமா?’