மறைக்காத நகல்

பொண்டாட்டி கடைசியாக என்ன பேசினாள் என்று பெயிண்டருக்குத் தெரியாது. முன்பின் அறியாத ஒரு போலீஸ்காரனுக்குத் தெரியும். அது அவர் தொண்டையில் முள்ளாக நின்றது. அவள் படுக்கையில் சுருண்டு கிடந்த அன்று ஆம்புலன்ஸுக்கு முன்னால் வந்து நின்றது ரோந்து வண்டி. இவர் தண்ணீர் எடுக்க அடுப்படிக்கு ஓடினார். செம்போடு திரும்புவதற்குள் அவள் போய்விட்டாள்.

அந்தப் போலீஸ்காரன் சட்டையில் கேமரா மாட்டியிருந்தான். மனுப் போட்டால் யாருக்கு வேண்டுமானாலும் பதிவைக் கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டதும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ட பயலும் என் வீட்டு உள்ரூம எட்டிப் பாப்பானா?" என்று காவல்துறை அலுவலகத்தில் சண்டைக்கு நின்றார்.

"வெளியாள் கேட்டா முகத்தையெல்லாம் மங்கலாக்கித்தான் தருவோம், தாத்தா," என்றாள் பதிவுகள் பிரிவுப் பெண்.

"மறைக்கிறதுக்கு உங்களுக்குச் சொல்லியா தரணும்?"

அவள் சிரித்துக்கொண்டே, அவர் மனுப் போட்டுக் கேட்டிருந்த பதிவைப் பென்டிரைவில் போட்டு நீட்டினாள். "ஓடலன்னா எனக்குப் போன் பண்ணுங்க."

"எங்க கல்யாணத்துக்கு வீடியோ எடுக்க வக்கில்ல. இப்ப சாவுக்கு இருக்கு, பாரு," என்றார். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் அதை டிவியில் செருகிவிட்டு, முதுகுக்குப் பின்னால் படுக்கையறைக் கதவு திறந்து கிடக்க, நீள சோபாவின் ஒரு ஓரமாக, மற்ற பாதி இன்னும் அவளுக்குத்தான் என்பதுபோல ஒடுங்கி உட்கார்ந்தார். அடைத்த வீட்டின் புழுக்கமும், மடித்து வைத்த அவள் துணிகளின் நாப்தலின் வாடையும், யாரும் பேசாத வீட்டில் ஃபிரிட்ஜ் மட்டும் முனகுகிற சத்தமும் அவரைச் சுற்றி நின்றன.

படம் குலுங்கியது. பூட்ஸ் சத்தம். போலீஸ்காரனின் மூச்சு. "தண்ணி, தண்ணி" என்று கத்திக்கொண்டு ஓடும் கிழவன் யாரென்று பார்த்தார், அவரேதான். பிறகு கட்டில். அவள். அலமாரி, அவர் கையாலேயே அடித்த பச்சைச் சுவர், கட்டிலின் தலைமாட்டில் ஆள் நிற்கும் உயரத்தில் முகம் அளவுக்கு ஒரு மங்கல்.

திருட்டுப் பயல்கள், யாரையோ மறைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. கூட இன்னொரு போலீஸ்காரன் வந்தானா? வரவில்லையே. படத்தை நிறுத்திவிட்டு டிவி பக்கத்தில் போய்ப் பார்த்தார். மங்கலுக்குக் கீழே கழுத்து இல்லை. சட்டை இல்லை. பச்சைச் சுவர்தான் இருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்து ஓடவிட்டார்.

"அவரத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க," என்றாள் அவள்.

இவ்வளவு நாள் ஏங்கிய குரல். பெயிண்டர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதார். சாகிற நேரத்திலும் என் நினைப்பா உனக்கு, கிறுக்கி. மறுபடி ஓடவிட்டார். மறுபடியும். அப்போதுதான் அவள் கண்ணைக் கவனித்தார். அது போலீஸ்காரனைப் பார்க்கவில்லை.

தலைமாட்டைப் பார்த்தது.

"யார்கிட்டம்மா பேசுறீங்க?" என்றான் போலீஸ்காரன்.

மங்கல் மெல்லக் கீழே குனிந்து நிமிர்ந்தது. தலையாட்டுவதுபோல. சரி என்பதுபோல.

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டார்.

"எம்மா, என் வீட்ல யார் மூஞ்சிய மறைச்சீங்க? உண்மையச் சொல்லு."

"நாங்க எதையும் மறைக்கலையே, தாத்தா. வெளியாளுக்குத்தான் அந்த வேலையெல்லாம். உங்களுக்குக் கேமராவுல இருந்தத அப்படியேதான் கொடுத்தோம்."

"கட்டில் பக்கத்துல ஒருத்தன்..."

"அங்க யாரும் இல்லையே. நான் முழுசாப் பாத்தேன்." அவள் குரல் தாழ்ந்தது. "தாத்தா, தனியாவா இருக்கீங்க? கூட யாராச்சும் இருக்காங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். ஃபிரிட்ஜ் முனகல் நின்றது. நாப்தலின் வாடை கிட்டத்தில் வந்தது.

திரும்பினார்.

படுக்கையறை வாசலில் நிலைச்சட்டம் தெரிந்தது. தாழ்ப்பாள் தெரிந்தது. உள்ளே பச்சைச் சுவர் தெரிந்தது. நடுவில் ஒரு இடம் மட்டும் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியில் துடைத்தார். மாட்டினார்.

நிலைச்சட்டம் பளிச்சென்று இருந்தது. தாழ்ப்பாளின் துருகூடத் தெரிந்தது.

அது மட்டும் தெளியவில்லை.

"தாத்தா? லைன்ல இருக்கீங்களா?"

வாசலில் இப்போது ஒன்றுமில்லை.

சோபாவின் மறுபாதி, அவள் உட்காரும் பக்கம், மெதுவாக அமுங்கியது.