எட்டாம் மாடியில் ஒரு கை

இந்தக் காலத்துச் சனத்தை என்னவென்று சொல்வது? இரண்டாம் மாடிக்குப் பாண் வாங்கிக்கொண்டு போக லிப்ட் வேண்டும். லிப்ட் ஒரு நிமிஷம் பிந்தினால் பொத்தானைக் குத்தோ குத்தென்று குத்துவார்கள். அதே சனம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் விலை கூடின சப்பாத்துப் போட்டு, முதுகில் பையைக் கட்டி, எங்கேயோ கிடக்கிற மலையில் ஏறப் போகும். ஏறி என்ன செய்கிறார்கள்? படம் பிடித்துவிட்டு இறங்கி வருகிறார்கள். ஒரு மூட்டையையாவது மேலே கொண்டுபோய் வைத்தால் வேலை நடந்தது என்று சொல்லலாம்.

நாகேந்திரத்துக்கு ஏறுவது என்றால் அதுதான். கொச்சிக்கடைப் பக்கக் கிட்டங்கிகளில் முப்பத்தெட்டு வருடம் நாட்டாமையாக மூட்டை சுமந்த முதுகு அவருடையது. மகள் நிருஷா கனடாவிலிருந்து சல்லி அனுப்பி வெள்ளவத்தையில் ஒரு பிளாட் வாங்கித் தந்தாள். அதனால் ஜிந்துப்பிட்டி ஒழுங்கையை விட்டு இந்தப் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தார். வந்து நாலு வருடம் ஆகியும் பக்கத்து வீட்டுக்காரரை நம்பியதில்லை. லிப்டையும் முழுதாக நம்பியதில்லை.

நாலாம் மாடி நிஷாந்தினிதான் இந்தக் கட்டடத்து மலை நடைக் குழுவைத் தொடங்கினவள். ஒரே நாளில் போய் வருகிற மூன்று பாதைகளை எழுதி லிப்டுக்குள் ஒட்டியிருந்தாள். பச்சை என்றால் பெத்தகானச் சதுப்பு நிலம்; பலகைப் பாதை, குருவி பார்க்கலாம். மஞ்சள் என்றால் கண்டி ஹந்தானை. புல்வெளி ஏற்றம், நடுவில் களைப்பாறலாம். சிவப்பு என்றால் பத்தலேகல. நெட்டுக்குத்தான பாறை, நெஞ்சில் பலம் உள்ளவர்களுக்கு மட்டும்.

நாகேந்திரத்தின் மனைவி நேசமலருக்குச் சிவப்புத்தான் வேண்டுமாம்.

அறுபத்துநாலு வயது. போன வருடம் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்த மனுசி. "சமதரையில் நடவுங்கோ, ஏற்றம் வேண்டாம்" என்று டொக்டர் சொன்னதை நாகேந்திரம் தன் காதாலேயே கேட்டார். குழுவில் ஒருவருக்கும் அது தெரியாது.

"நான் நிஷாந்தினியிட்டைச் சொல்லப் போறன்," என்றார்.

"சொல்லுங்கோ. சொன்னால் நான் நிருஷாவிட்டைப் போயிடுவன், திரும்பி வரமாட்டன். எல்லாரும் என்னை நோயாளி எண்டு பாக்கிறதுக்கு அங்கை பனிக்குள்ளை கிடக்கலாம்."

சொன்னால் செய்கிறவள். அதனால் நாகேந்திரம் வேறு வழி யோசித்தார்.

யாருக்கு எந்தப் பாதை என்று முடிவு செய்ய நிஷாந்தினி படிப் பரீட்சை ஒன்று வைத்தாள். சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு ஒவ்வொருவராகக் கட்டடத்துப் படியில் ஏற வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் நின்று ஒரு வசனத்தை மூச்சு அறாமல் சத்தமாகச் சொல்ல வேண்டும். வசனம் நடுவில் அறுந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. நாலாம் மாடியில் ஒரு போத்தலில் பச்சை நாடா, எட்டாம் மாடியில் மஞ்சள், பன்னிரண்டில் சிவப்பு. எட்டின உயரத்து நாடாவைக் கையில் கட்டிக்கொண்டு லிப்டில் இறங்கி வரலாம். அவள் உச்சியில் நிற்பாள், நாடித் துடிப்புப் பார்க்கிற மணிக்கூட்டோடு.

"என்ன வசனம் பிள்ளை?" என்று கேட்டார் நாகேந்திரம்.

"எதெண்டாலும் சரி அங்கிள். தேவாரம் சொல்லலாம், புருசனைப் பேசலாம்."

"ரெண்டாவதெண்டால் பன்னிரண்டு மாடியும் எனக்குக் காணாது," என்றாள் நேசமலர். எல்லோரும் சிரித்தார்கள்.

மற்றவர்கள் ஏறி முடித்துவிட்டார்கள். கடைசியில் மிச்சம் இவர்கள் இரண்டு பேர். நேசமலர் முன்னால் போனாள். இரண்டு நிமிஷம் விட்டுத்தான் போக வேண்டும் என்பது சட்டம். நாகேந்திரம் ஒரு நிமிஷத்திலேயே கிளம்பினார். நாலாம் மாடியில் அவளைப் பிடித்து, கையில் பச்சையைக் கட்டி, "களைச்சுப் போனாள்" என்று சொல்லிக் கூட்டிவந்துவிடலாம் என்பது அவர் எண்ணம்.

அந்தப் படிக்கட்டுக்கு யன்னல் இல்லை. வெளியே கடற்கரை வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஒரே இருட்டு. ஆள் வந்தால் எரிந்து, போனால் அணைகிற பல்பு மாடிக்கு ஒன்று. சுவரில் ஈரம். பூனை மூத்திர வாடை.

நாலாம் மாடியில் அவள் இல்லை. பச்சை நாடாக்கள் போத்தலுக்குள் அப்படியே கிடந்தன.

"நேசம்!"

பதில் மேலேயிருந்து வந்தது, அவருக்கு அல்ல. "என்ரை மனுசனுக்குச் சந்தேகம் இல்லாமல் தேத்தண்ணியும் இறங்காது!" என்று ஒரு முழு வசனம். மூச்சு அறவில்லை.

அவர் எட்டி நடந்தார். ஐந்து. ஆறு. முழங்கால் நொந்தது. ஆறாம் மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கீழே ஏதோ கேட்டது.

ணங்.

இரும்பு சீமெந்தில் முட்டுகிற சத்தம்.

கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தரம். ணங்.

நாட்டாமைக் காதுக்கு அது தெரியும். பாரமான ஒன்றை இரண்டு கையாலும் தூக்கி, ஒரு படி வைத்து, மூச்சு எடுத்து, அடுத்த படி வைக்கிற சத்தம்.

தங்களுக்குப் பிறகு ஏற ஒருவரும் இல்லை. குழுவிலே யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, படிக்கட்டின் நடு இடைவெளியால் கீழே எட்டிப் பார்த்தார். இரண்டாம் மாடி பல்பு எரிந்தது. அணைந்தது. மூன்றாம் மாடி பல்பு எரிந்தது.

ஆளைக் காணவில்லை.

அழுகின முட்டை மாதிரி ஒரு மணம் மெல்ல மேலே ஏறி வந்தது. காஸ் மணம்.

அந்தச் சத்தத்தை நாகேந்திரம் முன்னமே ஒரு தரம் கேட்டிருந்தார்.

அது அவர்கள் இங்கே வந்த புதிது, கரண்ட் இல்லாத வருடம். நேசமலர் மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடா போயிருந்தாள். இங்கே லிப்ட் ஓடவில்லை, தண்ணீர் ஏறவில்லை, காஸ் வாங்கச் சனம் தெருத் தெருவாக வரிசையில் கிடந்தது. ஒரு நாள் மொட்டை மாடித் தாங்கியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெறும் கையோடு அவர் இறங்கி வந்தார். எட்டாம் மாடியில் பத்தாம் மாடி ஸாலிஹ் ஹாஜியார் நின்றார். காலடியில் ஒரு காஸ் சிலிண்டர். சேட்டு முழுக்க வேர்வை.

"நாகேந்திரம் அண்ணே, ஒரு கை புடிங்களேன். ரெண்டு மாடிதான். ஏலாம ஈக்கிது."

நாகேந்திரம் சிலிண்டரைப் பார்த்தார். ஊர் முழுக்க இல்லாத காஸ் இந்த மனுசனுக்கு மட்டும் எப்படி?

"ஹாஜியார், காஸ் எங்கை எடுத்தனீங்கள்?"

"ரத்மலானை லைன்ல, அண்ணே. ராவு முழுக்க நிண்டு..."

"கறுப்பு விலைக்கு எடுத்தவர்தான் தூக்கவும் வேணும்," என்று சொல்லிவிட்டு அவரைக் கடந்து இறங்கிப் போனார். முதுகுக்குப் பின்னால் ணங், ணங் என்று கேட்டது. எட்டாம் மாடிக்கும் ஒன்பதாம் மாடிக்கும் நடுவில் ஹாஜியாரின் உயிர் போன உடலை அன்று பின்னேரம்தான் கண்டார்கள். சிலிண்டரைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தாராம். அவருடைய மனுசி பீபி வீட்டைப் பூட்டிக்கொண்டு மகனிடம் போய்விட்டாள். நாகேந்திரம் இந்தக் கதையை நேசமலரிடம்கூட வாய் திறக்கவில்லை. ஹாஜியார் வரிசையில் நின்றுதான் காஸ் எடுத்தார் என்று பிறகு பல பேர் சொன்னார்கள். அவர் அதை நம்பவும் இல்லை.

ணங்.

நாலாம் மாடி.

அவர் ஓடினார். ஏழாம் மாடி. எட்டாம் மாடி. மஞ்சள் நாடாப் போத்தலைக் கால் தட்டியதில் அது உருண்டு போனது. நெஞ்சுக்குள் யாரோ சாக்கு அடுக்குவது போல் இருந்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

ணங். ணங். இப்போது பிந்தாமல் வந்தது.

ஏழாம் மாடி பல்பு எரிந்தது.

அணைந்தது.

அவருடைய தலைக்கு மேல் எரிந்த பல்பும் அணைந்தது.

இருட்டுக்குள் வேர்வை மணமும் காஸ் மணமும் ஒன்றாக முகத்தில் அடித்தன. காதுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு, ஓட்டை விழுந்த துருத்தி மாதிரி.

"அண்ணே... ஒரு... கை..."

வசனம் அறுந்து அறுந்து வந்தது.

நாகேந்திரம் கண்ணை இறுக்கி மூடினார். இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டார்.

"ஏலாது," என்றார்.

பிறகு அவருடைய பெருவிரலுக்குப் பக்கத்தில், சீமெந்து அதிர:

ணங்.

அது அவரைக் கடந்து மேலே போனது.

மேலே நேசமலர் இருந்தாள்.

கத்த மூச்சு இல்லாமல் கைப்பிடியைத் தடவினார். ஒன்பதாம் மாடிப் பக்கமிருந்து அவளுடைய குரல்தான் தெளிவாகக் கேட்டது.

"ஐயோ, தனியவோ தூக்கிறீங்கள்? விடுங்கோ நானா, இந்தப் பக்கத்தை நான் பிடிக்கிறன்."

அதற்குப் பிறகு ணங் கேட்கவில்லை. இரண்டு பேர் பிடித்தால் சிலிண்டர் படியில் முட்டாது. இரண்டு சோடிக் கால்கள் மட்டும் ஏறுகிற சத்தம் கேட்டது. ஒன்று அவளுடைய ரப்பர் செருப்பு.

நாகேந்திரம் கைப்பிடியை இழுத்து இழுத்து ஏறினார். அவள் எங்கேயாவது விழுந்து கிடப்பாள் என்ற நினைப்பு ஒவ்வொரு படியிலும் முன்னுக்கு நின்றது. ஒன்பதாம் மாடி வெறுமை. பத்தாம் மாடியில் அவள் நின்றாள், ஒரு பூட்டின கதவைப் பார்த்தபடி. ஆமைப்பூட்டில் தூசி, மூலையில் சிலந்தி வலை.

அவள் முகத்தில் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

"இப்பதான் உள்ளை போனவர்," என்றாள். "பாவம் அந்த முஸ்லிம் நானா, காஸ் தூக்கிக்கொண்டு வந்தவர். நான் ஒரு கை பிடிச்சன். உங்களுக்கு ஆளைத் தெரியுமோ?"

"தெரியாது."

"உங்களைத் தெரியுமாம். 'என்ட பாரத்தை நீங்க புடிச்சீங்க, உங்கட பாரத்தை அண்ணன் புடிக்கட்டும்' எண்டு சொன்னவர். எனக்கு விளங்கேல்லை."

அவள் மிச்ச இரண்டு மாடியையும் கதைத்துக்கொண்டே ஏறினாள். உச்சியில் நிஷாந்தினி அவள் கையில் மணிக்கூட்டைக் கட்டிப் பார்த்தாள்.

"ஆன்டி, அறுபத்தெட்டு! பன்னிரண்டு மாடி ஏறினதுக்கு அறுபத்தெட்டோ? சிவப்பேதான்!"

இனிச் சொல்லாமல் இருக்க முடியாது. நாகேந்திரம் வாயைத் திறந்தார்.

"பிள்ளை... இவளுக்கு... ரெண்டு..." மூச்சு அறுந்தது. "ஸ்டென்ட்... நெஞ்சிலை..."

நிஷாந்தினியின் சிரிப்பு நின்றது. நேசமலர் கோபிப்பாள், கனடா என்பாள் என்று நினைத்தார். அவள் இவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, சிவப்பு நாடாவைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தாள். "சரி பிள்ளை. டொக்டரிட்டைக் கடிதம் வாங்கினாப் பிறகு தாங்கோ. இவரைப் பாருங்கோ முதல்."

மணிக்கூடு இவருடைய கைக்கு வந்தது. நூற்று நாற்பத்தெட்டு. ஐந்து நிமிஷம் இருந்து பார்த்தார்கள். நூற்று நாற்பத்தெட்டு.

"அங்கிள், ஒரு வசனம் சொல்லுங்கோ."

"சீன... மணிக்கூடு... பிழை..."

"உங்களுக்குப் பச்சைகூடக் கஷ்டம் போல," என்றாள் நிஷாந்தினி. "கையிலை என்ன அங்கிள்?"

வலது உள்ளங்கையில் செம்மண் நிறத்தில் வளையமாக ஓர் இரும்புக் கறல் அடையாளம். கைப்பிடிக் கறல் என்றார். அந்தக் கைப்பிடி அலுமினியம் என்று யாரோ சொன்னார்கள். அவர் கேட்காதது போல் லிப்டில் ஏறி, கீழே வந்து, மரைன் டிரைவில் இறங்கினார். கடற்காற்றுப் பட்டால் எல்லாம் சரியாகும். பேய் பிசாசு என்பதெல்லாம் வேலை இல்லாத சனத்தின் கதை. காஸ் மணம் யாருடைய குசினியிலிருந்தோ வந்திருக்கும். நேசமலர் எப்போதும் எதையாவது காண்கிறவள்.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தெரு நேராக, சமதரையாகக் கிடந்தது. அப்படியும் வலது தோள் இறங்கி இறங்கி வந்தது. மூன்று எட்டுக்கு ஒரு தரம் நிற்க வேண்டியிருந்தது.

வண்டிலில் கடலை விற்கிற சிங்களப் பெடியன் அவருக்கு வழி விட்டு ஒதுங்கினான். அவருடைய வெறும் கையைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான்.

"மாமே, காஸ் கொஹென்த கத்தே?"

காஸ் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்கிறான்.

கடலைக்காரன் எல்லாம் குடிகாரன். இப்படி ஏதாவது கேட்டு ஆளைப் பேய்க்காட்டி, மற்றக் கையால் கடலையைக் குறைத்துச் சுற்றித் தருகிறவர்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் தெகிவளைப் பக்கம் நடந்தார், வலது கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தபடி, தெருவில் முட்டாமல்.