ஒரு வாணலி, இரண்டு நாக்கு

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்க வெகுநேரம் ஆகும். எப்போதும் எங்கேயோ மிதந்துகொண்டே இருப்பதால், அப்பாதான் அவளை 'மேகம்' என்று கூப்பிட ஆரம்பித்தார். "உடம்பு மட்டும்தான் வகுப்புக்கு வருது, ஆள் வர்றதில்லை" என்று டீச்சரும் அம்மாவிடம் ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார்.

என்ன செய்வது? மிதப்பதற்கு வேண்டியதெல்லாம் அவள் வீட்டிலேயே இருந்தது.

அப்பாவுக்கு பிஸ்கட் கம்பெனியில் இரவு வேலை. அடுப்பின் வாயிலிருந்து தட்டுத் தட்டாக பிஸ்கட்டை வெளியே இழுத்து அடுக்க வேண்டும். காலையில் வீட்டுக்குள் நுழையும்போது அவர் புருவத்தில் சர்க்கரைப் பொடி ஒட்டியிருக்கும். அந்தச் சட்டையில் மூக்கை வைத்தால் போதும், மேகம் சர்க்கரைப் பாகு ஓடும் ஆற்றில் படகு விடப் போய்விடுவாள்.

அம்மாவுக்கு உப்புக் கிடங்கில் பகல் வேலை. குவியலிலிருந்து உப்பை அள்ளிப் பைகளில் நிரப்பி, பையின் வாயைத் தைக்க வேண்டும். மாலையில் அம்மாவின் கையைப் பிடித்து முகர்ந்தால், மேகம் வெள்ளை மலைகளின்மேல் வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருப்பாள்.

அப்பா வரும்போது அம்மா கிளம்புவார். அம்மா வந்த கொஞ்ச நேரத்தில் அப்பா கிளம்பிவிடுவார். வாசலில் ஒரு சிரிப்பு, சாவிக்கொத்து கைமாறும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும்தான் நான்கு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட முடியும். நான்காவது ஆள், மேகத்தின் தம்பி சுண்டு. அவனுக்கு வயது நான்கு, வாய்க்கு மட்டும் நாற்பது.

அந்த ஒரு சாப்பாட்டுக்கும் இப்போது வந்தது வினை.

இரவு முழுவதும் சர்க்கரையை முகர்ந்த அப்பாவுக்கு இனிப்பு என்றாலே குமட்டியது. அவர் உருளைக்கிழங்கில் உப்பையும் மிளகையும் அள்ளிப் போட்டு வறுப்பார். பகல் முழுவதும் உதட்டில் உப்புக் கரித்த அம்மாவுக்கோ அது தொண்டையில் இறங்காது. அவர் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சர்க்கரை தூவுவார். ஒருவர் செய்ததை மற்றவர் மரியாதைக்கு ஒரு வாய் வைத்துவிட்டு, தட்டை மெல்ல நகர்த்திவிடுவார். ஏன் என்று இருவருமே சொன்னதில்லை. பெரியவர்கள் சில விஷயங்களில் அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா விளையாட்டாக, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "அப்ப நான் செஞ்சது குப்பையா?"

அப்பா எவ்வளவோ சமாதானம் சொல்லிப் பார்த்தார். கொட்டிய சொல்லை அள்ள முடியுமா? இனிமேல் அவரவருக்கு வேண்டியதை அவரவரே செய்துகொள்ளலாம் என்று அம்மா முடிவாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த ஞாயிறு அப்பா மேசையில் தனியாகச் சாப்பிட்டார். அவர் எழுந்துபோன பிறகு அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டார். சண்டையும் இல்லை, சத்தமும் இல்லை. அதுதான் மேகத்துக்குப் பயமாக இருந்தது. வாரத்தில் இருந்ததே ஒரே ஒரு சாப்பாடு. அதுவும் இப்படி இரண்டாகப் போய்விட்டால், நான்கு பேரும் பிறகு எப்போதுதான் சேர்ந்து உட்காருவது?

அன்று சாயங்காலம் சுண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்து, தர்பூசணி தின்றபடியே அழுதுகொண்டிருந்தான். தின்பதையும் நிறுத்தவில்லை, அழுவதையும் நிறுத்தவில்லை.

"ஏன்டா அழறே?"

"அப்பாவும் அம்மாவும் டூ விட்டுட்டாங்க."

மேகம் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். தம்பியின் தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டாள். திடீரென்று அவன் அழுகை நின்றது. கையிலிருந்த பழத்துண்டை ஒருமுறை நக்கினான். யோசித்துவிட்டு மறுபடியும் நக்கினான்.

"அக்கா, கண்ணுத்தண்ணி விழுந்த இடம் மட்டும் ரொம்ப இனிக்குது."

புளுகுகிறான் என்றுதான் மேகம் நினைத்தாள். கடித்துப் பார்த்தால், உண்மை! அதற்காக இன்னும் கொஞ்சம் அழு என்று கேட்க முடியுமா? உள்ளே ஓடி இன்னொரு துண்டை எடுத்து, அதன்மேல் துளி உப்பைத் தூவி வாயில் போட்டாள். கண் தானாக மூடிக்கொண்டது. உப்பு வந்து இனிப்பை விரட்டவில்லை. உள்ளே ஒளிந்திருந்த இனிப்பைக் கையைப் பிடித்து முன்னால் அழைத்து வந்தது. வெள்ளை மலையின் அடிவாரத்தில் சர்க்கரை ஆறு ஓடுவதை அவள் அப்போது பார்த்தாள். இத்தனை நாளும் இரண்டும் வேறு வேறு ஊர் என்றல்லவா நினைத்திருந்தாள்!

அந்த வாரம் முழுவதும் ஆராய்ச்சிதான். ஆப்பிளில் உப்பு போட்டாள். தக்காளி சூப்பில் சர்க்கரை போட்டாள். சுண்டுதான் ருசி பார்க்கும் அதிகாரி. அவித்த முட்டையில் தேன் ஊற்றிக் கொடுத்தபோது மட்டும் அவன் துப்பிவிட்டு, "முட்டை பாவம்" என்றான்.

ஞாயிறு வந்தது. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். மேகம் வெங்காயத்தையும் பூசணியையும் நறுக்கி வைத்துக்கொண்டு, வாணலியில் வெண்ணெய் போட்டு அடுப்பைச் சிறியதாக வைத்தாள்.

நறுக்கும்போது கண்ணைக் கரித்த வெங்காயம், மெல்ல மெல்லப் பழுப்பாகி இனிப்பாக மணந்தது. அதை அவள் கனவு காண்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றாள். நல்லவேளை, பூசணியைப் போட வேண்டியதை சுண்டு நினைவுபடுத்தினான். பிறகு உப்பு, மிளகு, கடைசியில் கொஞ்சம் சர்க்கரை.

வாசனை வீடெல்லாம் நடந்து போனது. இனிப்பு மணத்தில் கண்விழித்த அப்பா, அம்மாதான் சமைக்கிறார் என்று நினைத்தார். மிளகு மணம் மாடிக்கு வந்ததும் அம்மா, அப்பாதான் என்று நினைத்தார். இருவரும் ஒரே நேரத்தில் சமையலறைக்கு வந்து, ஒருவரையொருவர் பார்த்துத் திகைத்து நின்றார்கள்.

"இனிப்பா?" என்றார் அப்பா சந்தேகமாக.

"உப்பா?" என்றார் அம்மா.

"ரெண்டும்தான். நான் பாத்தாச்சு. உக்காருங்க" என்றான் அதிகாரி.

மேசையில் நான்கு தட்டுகள் இருந்தன. மேகம் வாணலியை நடுவில் கொண்டுவந்து வைத்தாள். "அப்பாவுக்கு ராத்திரி பூரா சர்க்கரை. அம்மாவுக்குப் பகல் பூரா உப்பு. எதுவும் அதிகமா இல்லாம ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தா, எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாமேன்னு நினைச்சேன்."

இருவரும் உட்கார்ந்தார்கள். அப்பா தட்டைப் பார்த்தபடியே, "வேலையில சர்க்கரை மூக்குல ஏறிக்கிட்டே இருக்கு. அதைச் சொல்லாம பழமொழி சொல்லிட்டேன்" என்றார்.

"எனக்குத் தண்ணி குடிச்சாக்கூடக் கரிக்குது. நானும்தான் சொல்லலை" என்றார் அம்மா.

அப்பா ஒரு வாய் வைத்தார். தட்டு நகரவில்லை. அம்மா ஒரு வாய் வைத்தார், பிறகு இன்னொரு வாய். அப்பா இரண்டாம் முறை பரிமாறிக்கொள்ள, அம்மா மூன்றாம் முறை பரிமாறிக்கொண்டார். பேச்சே இல்லை, ஆனால் இந்த அமைதி மேகத்துக்குப் பிடித்திருந்தது. கன்னத்தில் கைவைத்து இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அம்மாதான் முதலில் கவனித்தார். "அடடா, சமைச்சவ தட்டுல ஒண்ணுமே இல்லையே!"

அப்பா வாணலியைச் சுரண்டிப் பார்த்தார். வழிக்கக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை.

அம்மா சட்டென்று எழுந்தார். "இரு, உனக்கு நான் செய்யறேன்." அப்பாவும் எழுந்து, வெங்காயத்தைத் தாமே நறுக்குவதாகச் சொன்னார்.

ஒரே அடுப்பின்முன் இரண்டு முதுகுகள். உப்பு போதும் என்று அம்மா தடுத்தார். சர்க்கரை போதும் என்று அப்பா அவர் கையைப் பிடித்தார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். மேகத்துக்குப் பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் வெங்காயம் இன்னும் கொஞ்சம் மெதுவாகவே வேகட்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.