சிவப்புக் கிலுகிலுப்பையைக் கடித்தவன்

கிலுகிலுப்பை அவன் வாயிலிருந்து நழுவியது.

கிலுக்... கிலுக்... கிலுக்... என்று சிமெண்ட் தரையில் உருண்டு போய், சுவரில் முட்டி நின்றது.

அதைக் கடித்த ஆள் நிற்கவில்லை. வெட்டின வாழையாகச் சாய்ந்தான்!

"சீனு!"

கூட வந்த அதிகாரி மண்டியிட்டார். மணிக்கட்டைப் பிடித்தார். மூக்கருகே விரலை வைத்தார். மெதுவாக நிமிர்ந்தார்.

"போயிட்டான்மா..."

கடைக்காரி வேண்டா அவரையும் தரையில் கிடந்தவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எ... எங்க போயிட்டாரு?"

"உயிர் போயிடுச்சுன்னு சொல்றேன்! உன் பொம்மை கொன்னுடுச்சு!"

2009. மாமல்லபுரம். மண்டை காயும் மதியம். கடற்கரைக் கோயிலுக்குப் போகிற சாலையில், கல் பட்டறைகளுக்கு நடுவே திணித்து வைத்த மாதிரி ஒரு சின்னக் கடை. மரத்தில் கடைந்து சாயம் பூசின குழந்தைச் சாமான்கள். கடைவது திருவேங்கடம். விற்பது அவன் மனைவி வேண்டா. பொருளின் அழகு அவன் கையில், பொருளின் விலை அவள் வாயில்.

ஒரு மாசமாக அந்த வாயில் சுரத்தே இல்லை.

காரணம், மொத்தமாகச் சரக்கு எடுக்கிற வெளிநாட்டு பையர் அனுப்பின ஒரு ஈமெயில். 'எங்கள் நாட்டில் புதுச் சட்டம். குழந்தைகள் வாயில் வைக்கும் சாமான்களில் ஈயம் இருக்கக் கூடாது. ஒவ்வொரு கலருக்கும் தனித்தனி லேப் ரிப்போர்ட் வேண்டும். இல்லையென்றால் ஆர்டர் கேன்சல்.' ஒரு கலருக்கு லேப்காரன் கேட்ட தொகைக்கு ஒரு மூட்டைக் கிலுகிலுப்பை விற்றாக வேண்டும். கடையில் இருந்ததோ அஞ்சு கலர்!

ஆர்டர் போனால் கடையும் போகும். அந்தப் பயத்தில் இருந்தபோதுதான் இந்த இரண்டு பேரும் கழுத்தில் அட்டையோடு வந்து இறங்கினார்கள்.

"பொம்மைப் பாதுகாப்புச் சோதனை. நான் பாலசுப்ரமணியன். இவர் டெக்னீஷியன் சீனு. குழந்தை கடிக்கிற மாதிரியே கடிச்சுப் பார்ப்பார். அதுதான் புரொசீஜர்."

கடித்தான். விழுந்தான்.

"ஷட்டரை இறக்குய்யா!" என்று உறுமினார் பாலசுப்ரமணியன்.

திருவேங்கடம் இறக்கினான். முழங்கால் உயரத்துக்கு மட்டும் வெளிச்சம் உள்ளே வந்தது. செத்தவனின் செருப்பு மட்டும் பளபளத்தது.

"ஈயம்! ஹெவி டோஸ்! இது சாதாரணக் கேஸ் இல்ல. தயாரிச்ச ஆளுக்கு ஜெயில். வித்த ஆளுக்கும் ஜெயில். கடைக்கு சீல். யாருய்யா பெயிண்ட் அடிச்சது?"

திருவேங்கடம் மூலையில் போய் உட்கார்ந்துவிட்டான். வேண்டா பக்கத்தில் போனாள்.

"இன்னாய்யா... மூஞ்சி ஏன் இப்டி வெளுக்குது? நாம அரக்குச் சாயம்தான பூசறோம்?"

"செகப்பு மட்டும்..."

"செகப்புக்கு இன்னா?"

"அரக்கு தீந்து போச்சும்மே. நீ ஆர்டர் ஆர்டர்னு பேஜாரு பண்ணிகினு இருந்தியா... ஹார்ட்வேர் கடையில கதவுக்கு அடிக்கிற செகப்பு ஒரு டப்பா வாங்கி..."

"அடப்பாவி!"

வேண்டா அலமாரியில் இருந்த சிவப்புகளைப் பார்த்தாள். காலையில்தான் ஒரு வெள்ளைக்காரிக்குச் சிவப்பு விற்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. பல் முளைக்காத குழந்தை. வாங்கின கையோடு அதன் வாயில்தான் கொடுத்தாள் அந்தப் புண்ணியவதி!

அப்படியானால்... அந்தக் குழந்தை?

தட்! தட்! தட்!

ஷட்டரை யாரோ தட்டினார்கள். நாலு பேருக்கும் மூச்சு நின்றது. ஆமாம், நாலு பேருக்கும்தான். ஆனால் அதைக் கவனிக்கிற நிலைமையில் வேண்டா இல்லை.

"யக்கா! கட சாத்திட்டியா?" பக்கத்துப் பட்டறை ஆள்.

"த... தலநோவு அண்ணாத்த! அப்பால வா!"

காலடிகள் நகர்ந்தன. பாலசுப்ரமணியன் குரலைத் தாழ்த்தினார்.

"இதோ பாரும்மா. உன்னைப் பார்த்தா பாவமா இருக்கு. இவனை நான் வேன்ல ஏத்திட்டுப் போயிடறேன். மாரடைப்புன்னு எழுதிடறேன். ஆனா..."

அவர் கண் அவள் கைகளுக்குப் போனது. இரண்டு கையிலும் நாலு நாலு தங்க வளையல்கள். கல்யாணத்துக்கு அப்பன் போட்டது.

"ரெண்டு கையையும் காலி பண்ணிடு."

வேண்டா அழுதாள். அழுதுகொண்டே வலது கை வளையல்களைக் கழற்றினாள். நீட்டினாள். இடது கைக்கு வந்தாள்.

நின்றாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பயம் ஒரு பக்கம். ஆனால் முதலில் சொன்ன விலைக்கு ஒரு சாமானை வாங்குவதென்பது வேண்டாவின் உடம்புக்கே ஒத்துக்கொள்ளாத விஷயம். தாலிக்கே பேரம் பேசி வாங்கினவள்!

"சார்... ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"என்ன?"

"ரெண்டு ஆபீசருங்க வந்தீங்க. ரெண்டு கை கேட்டீங்க. நாயந்தான். ஆனா இப்ப ஒருத்தருதான் கீறீங்க..."

"அதனால?"

"செத்தவருக்கு எதுக்கு சார் பங்கு?"

பாலசுப்ரமணியன் தரையில் கிடந்தவனை ஒரு பார்வை பார்த்தார்.

"அவனுக்குக் குடும்பம் இருக்கும்மா."

"அதுக்கு கவர்மெண்ட் குடுக்கும். டூட்டில செத்தாரு... அவரு சம்சாரத்துக்கு வேலையே போட்டுக் குடுப்பாங்க. எங்களுக்கு யாரு சார் குடுப்பா?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.

"சரி... பாவம்னு விடறேன். ஒரு கை போதும்."

பிணத்தின் இமை லேசாகத் துடித்தது!

யாரும் பார்க்கவில்லை. வேண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு படி இறங்கினவர் இன்னொரு படி இறங்க மாட்டாரா?

"சார்... அப்புறம் அந்த வேன் செலவு..."

"என்னம்மா வேன் செலவு?"

"பொணத்தைத் தூக்கறது, ஏத்தறது, பொய் எழுதறது... எல்லாம் சேர்த்துத்தான அந்த வெலை? அந்தத் தொல்ல உங்களுக்கு எதுக்கு? அத்த நாங்களே பாத்துக்கறோம். நீங்க ரெண்டு வளையல திருப்பிக் குடுத்துடுங்க."

"நீங்க எப்படி பார்த்துப்பீங்க?"

"சதுரங்கப்பட்டினத்துல என் அண்ணாத்தைக்கு போட் கீது. நடுக்கடலுக்குப் போயி..."

தான் என்ன பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. வாய் மட்டும் விலையைக் குறைத்துக்கொண்டே போனது.

பாலசுப்ரமணியன் யோசித்தார். கையில் தங்கம். பங்கு கேட்கிற பார்ட்னர் வாயைத் திறக்க முடியாமல் தரையில் கிடக்கிறான். இப்படி ஒரு மதியம் எந்தத் திருடனுக்குக் கிடைக்கும்?

"பேஷ்!" என்றார். "இந்தா ரெண்டு வளையல். பிணம் உன் பொறுப்பு. நான் கிளம்பறேன்."

பிணத்தின் நெற்றியில் வேர்வை பொங்கியது!

"இன்னாய்யா பாத்துகினு நிக்கற?" என்று வேண்டா புருஷனை உலுக்கினாள். "காலைக் கட்டு! பட்டறையாண்ட ஒடஞ்ச நந்தி ஒண்ணு கெடக்குதே... அத்த சேத்துக் கட்டினா மேல மெதக்காது!"

திருவேங்கடம் அழுதுகொண்டே சணல் கயிற்றை எடுத்தான். செத்தவனின் இரண்டு காலையும் சேர்த்து, பொம்மை மூட்டை கட்டுகிற அதே கெட்டி முடிச்சாகப் போட்டான்.

"தெய்வமே, மன்னிச்சுக்கோ... இவன் பாவம் எங்களை வுடாது..."

பாலசுப்ரமணியன் ஷட்டருக்குக் கீழே குனிந்தார்.

"டேய் பாலு...!"

குரல் வெளியிலிருந்து வரவில்லை.

தரையிலிருந்து வந்தது!

"துரோகி! என்னை நந்தியோட கட்டி கடல்ல போடச் சொல்லிட்டு வளையலோட ஓடறியா? என் பங்குடா அது!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

வேண்டா போட்ட அலறலில் சாலையே நின்றது. திருவேங்கடம் மயங்கி விழுந்தான். விழுந்தவன் நேராகப் பாலசுப்ரமணியன் காலில் விழுந்தான். அவர் தடுமாறி ஷட்டரில் முட்டினார். அலறலைக் கேட்டுக் கல் பட்டறை ஆட்கள் உளியோடும் சுத்தியலோடும் ஓடி வந்தார்கள். ஷட்டர் உயர்ந்தது.

பாலசுப்ரமணியனின் சட்டைக் காலரை வேண்டா பிடித்திருந்தாள்.

"வளையல வைடா!"

சீனுவால் ஓட முடியவில்லை. முடிச்சு அப்படி!

அரை மணி நேரத்தில் ஜீப் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் ரெபேக்காள் இறங்கினார். இரண்டு பேருக்கும் விலங்கு. புதுச் சட்டம் வந்த நாளாக இந்தக் கரையோரம் முழுக்க இதே நாடகம்தானாம். சோழிக் கடை, சாயப் பொம்மைக் கடை... எல்லோரும் பயந்து கொடுத்துவிட்டு வாயைத் திறக்கவில்லையாம்.

"பேரம் பேசி மாட்ட வச்ச முதல் ஆள் நீதாம்மா" என்றார் ரெபேக்காள்.

சீனுவின் முகத்தில்தான் இப்போது நிஜமான சாவு பயம்.

"அண்ணே... நான் நடிக்கத்தான் கடிச்சேன். ஆனா பெயிண்டு கொஞ்சம் உள்ள போயிடுச்சு. நெசமாவே விஷமா அது?"

"தெர்லியேப்பா" என்றான் மயக்கம் தெளிந்த திருவேங்கடம், பரிதாபமாக. "டெஸ்ட் பண்ணத்தான் எங்களாண்ட டப்பு இல்லியே..."

"ஐயோ!"

"இவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் ரெபேக்காள். கடிபட்ட கிலுகிலுப்பையை எடுத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டார். "இதைச் சென்னை லேபுக்கு அனுப்பணும். என்ன விஷம், எவ்வளவுன்னு ரிப்போர்ட் வரும்."

வேண்டா அழுகையை நிறுத்தினாள்.

"அதுக்கு இன்னா செலவாவும் மேடம்?"

"கேஸ் சாமான்மா. உனக்கு ஒரு பைசா செலவில்ல."

"ரிப்போர்ட்டுல ஒரு காப்பி?"

"கோர்ட்டுல மனு போட்டா குடுப்பாங்க."

"செகப்புல ஈயம் கீதுன்னு வந்தா, மொத்தத்தையும் நானே கொளுத்திடறேன் மேடம். அந்த வெள்ளைக்காரக் கொழந்தையை எங்க இருந்தாலும் தேடிப் புடிச்சு, அந்தக் கிலுகிலுப்பையத் திருப்பி வாங்கிடுவேன். ஆனா..."

சரசரவென்று அலமாரிக்குப் போனாள். மஞ்சள், பச்சை, நீலம், ஆரஞ்சு... மிச்ச நாலு கலரிலும் ஒவ்வொன்றாக எடுத்து வந்து ரெபேக்காள் கையில் திணித்தாள்.

"இத்தையும் எடுத்துக்கினு போங்க! இவன் எல்லாக் கலரையும்தான் கடிச்சான்!"

"பொய் மேடம்!" ஜீப்பிலிருந்து சீனு அலறினான். "நான் சிவப்பை மட்டுந்தான் கடிச்சேன்! சத்தியமா!"

வேண்டா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க எழுதிக்கோங்க மேடம்... செத்துப் போனவன் பேச்செல்லாம் ஒரு சாட்சியா?"