பூனைக் காலில் கேட்ட துடிப்பு

பட்டையைப் பூனையின் காலில் சுற்றுவதற்கு முன்பே மெஷின் பிரஷரைக் காட்டிவிட்டது. வெறும் மேசைமேல் கிடந்த பட்டை புஸ்ஸென்று உப்பி, மெல்ல வடிந்தது. திரையில் நூற்றுப் பதினெட்டு என்று பச்சையாக வந்து நின்றது.

"மேசைக்குப் பிரஷர் பிரமாதம்," என்றார் டாக்டர். காலையிலிருந்து அறுத்துத் தைத்த களைப்பில் அவருக்கே சிரிப்பு வரவில்லை.

நர்ஸுக்கும் வரவில்லை. நாள் முழுக்க நின்று கால் வீங்கியிருந்தது. ஸ்பிரிட்டும் ஈர ரோமமும் கலந்த வாடை தொண்டையிலேயே தங்கிவிட்டது. இதுதான் கடைசிக் கேஸ். வேறு யாருடைய பூனையாவது என்றால் பாதித் தூக்கத்திலேயே முடித்துவிடுவாள். இது அவளுடைய அக்காவின் பூனை. தையல்காரியான அக்காவுக்கு, அத்தான் போன பிறகு அந்த வீட்டில் பேச்சுத்துணை இது ஒன்றுதான். தையல் மெஷினுக்கடியில் கிடந்த நூலை விழுங்கி, குடல் சுருண்டு வந்திருந்தது.

"என் நூல்தான்டி," என்று அழுதாள் அக்கா, பூனைக் கூடையோடு வந்து நின்றபோதே. "இது இல்லாம நான் எதுக்கு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகணும்?"

"நான் பாத்துக்கறேன்க்கா. நீ உக்காரு."

வெளியே பெஞ்சில் உட்காரவைத்தபோது பழக்கதோஷத்தில் நாடியையும் பிடித்துப் பார்த்தாள். அக்காவின் நாடிக்கு ஒரு நொண்டி நடை உண்டு. மூன்று அடிக்கும், ஒன்றை விழுங்கும், அப்புறம் பலமாக ஒன்று. பயமில்லை என்று டாக்டர்கள் சொன்ன கோளாறுதான். வாராவாரம் தொட்டுப் பார்ப்பதால் அந்த நடை அவளுக்கு அத்துப்படி.

மயக்கத்தில் கிடக்கும் பூனை விஷயத்தில் மெஷினை நம்பக் கூடாது என்பது அவள் கண்ட அனுபவம். பூனைக்கால் விரல் தடிமன்தான். பட்டை கொஞ்சம் சின்னதானால் ஏற்றிச் சொல்லும், பெரிதானால் இறக்கிச் சொல்லும். பிரஷர் நிஜமாகவே விழும்போது வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று எதையாவது உளறும். அதனால் அவள் டாப்ளரையும் வைப்பாள். பாதத்தை மழித்து, ஜெல் தடவி, பொத்தான் அளவுக் கருவியை ஒட்டினால் ரத்தம் ஓடும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும். அதற்கு மேலே இன்னொரு பட்டையைக் கையால் பம்ப் செய்து, சத்தம் அடங்கும்வரை இறுக்கி, மெல்லத் தளர்த்த வேண்டும். சத்தம் திரும்பி வரும் இடம்தான் பிரஷர்.

உஷ்உஷ்உஷ்உஷ். வேகமான, சின்னச் சத்தம். டியூப்லைட்டின் ரீங்காரம், டாக்டரின் கத்தரி, இடையிடையே மெஷின் தானாக உப்பி வடிவது, எல்லாவற்றுக்கும் அடியில் அது ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் இருட்டு ஏறிக்கொண்டு வந்தது.

"சார், இறங்குது. எழுபதுகூட இல்ல."

"மெஷின் நூத்துப் பதினெட்டுதானே காட்டுது?"

"மேசைக்கும் அதைத்தான் சார் காட்டுச்சு."

அவர் மயக்க வாயுவைக் குறைத்தார். அவள் சலைனைக் கூட்டினாள். சத்தம் மெலிந்தது. இன்னும் மெலிந்தது. நின்றது. பட்டையை முழுக்கத் தளர்த்தியும் வரவில்லை. அக்காவிடம் என்ன சொல்வேன் என்ற ஒரே நினைப்பில் கருவியை இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

பிறகு வந்தது.

"வந்துருச்சு சார்!"

பலமாக வந்தது. ஆனால் நிதானமாக. பூனைக்கு இவ்வளவு நிதானம் கிடையாது, இது மனுஷ நடை. கருவியை அழுத்திப் பிடித்தால் தன் கட்டைவிரல் நாடியே கேட்கும், வேலைக்குப் புதுசாக வருகிறவர்கள் செய்யும் தப்பு அது. களைப்பில் தானும் செய்துவிட்டோம் என்று கையை எடுத்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

மூன்று அடித்தது. ஒன்றை விழுங்கியது. பலமாக ஒன்று.

டாக்டர் பூனையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். நாக்கைத் தூக்கிப் பார்த்தார். சாம்பல் நிறம்.

"போயிடுச்சும்மா."

"சத்தம் கேக்குதே சார்."

"அந்த மெஷின் மேசைக்கே பிரஷர் சொல்லுச்சு. இது மட்டும் யோக்கியமா? போம்மா. அக்காகிட்ட நீயே சொல்லு."

கதவைத் திறந்தாள்.

அக்கா காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள். தங்கையின் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"பொழச்சிருச்சு இல்ல? எனக்குத் தெரியும்டி. இங்கவரைக்கும் சத்தம் கேக்குதே."

அந்தக் கை ஈரச் சுவர்போல் சில்லிட்டிருந்தது. அவள் இன்னொரு கையால் அக்காவின் நாடியைத் தேடினாள். இல்லை. விரலை மாற்றி வைத்தாள். இல்லை. கழுத்தில் தொட்டாள். அங்கும் இல்லை.

"என்னடி தேடறே?" என்றாள் அக்கா.

திறந்த கதவு வழியாகச் சத்தம் வந்தது. மூன்று. ஒன்றை விழுங்கி. பலமாக ஒன்று.

"தலையப் பொளக்குது இது," என்றார் டாக்டர் உள்ளேயிருந்து. "கழட்டிடறேன்மா."

வேண்டாம் என்று கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் டாக்டரின் கை பூனைக்காலுக்குப் போய்விட்டது.

மூன்று அடித்தது. ஒன்றை விழுங்கியது.

பலமாக வர வேண்டியது வரவில்லை.

அக்காவின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் இமைக்கவில்லை. தங்கையின் மணிக்கட்டைச் சுற்றியிருந்த விரல்கள் மட்டும், பட்டை உப்புவதுபோல, மெல்ல இறுகத் தொடங்கின.