காதுக்கும் கைக்கும் நடுவே

தாளில் 'கடல் அமைதி' என்று இருந்தது. ஜன்னலோ சட்டத்தோடு பிய்ந்து கையில் வந்துவிடும்போல ஆடிக்கொண்டிருந்தது.

"என்னய்யா ராஜமாணிக்கம், இதுக்குப் பேரு அமைதியா?" பொறுப்பதிகாரி பன்னீர்செல்வம் தாளை ஜன்னல் பக்கம் நீட்டிக் காட்டினார். "சமுத்திரத்துக்கிட்ட காட்டுனா அதுவே சிரிக்கும்."

"மெயின்லேண்ட்ல அப்படித்தான் தட்டுனாங்க சார்."

ராஜமாணிக்கம் பொய் சொல்லவில்லை. காதில் அப்படித்தான் விழுந்தது என்று சத்தியமே செய்திருப்பான். போர்ட் பிளேரில் குன்றின் மேலிருந்த அந்த வயர்லெஸ் நிலையத்தில் அவன்தான் மூத்த ஆபரேட்டர். இந்தியக் கரையான மெயின்லேண்டிலிருந்து மோர்ஸ் குறிகளில் வரும் வானிலைச் செய்தியை எழுதி எடுத்து, பிறகு மற்ற தீவுகளுக்குத் தட்டி அனுப்புவது வேலை. காட்டை வெட்டிக் குடியேறிய ஜனங்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் தபாலும் கொண்டுபோகும் படகுகள், அவன் அனுப்பும் அந்த ஒரு வரியைக் கேட்டுத்தான் கட்டவிழ்க்கும்.

அவனுக்கு ஒரு பெருமை உண்டு. புது ஆபரேட்டர்கள் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதுவார்கள். ராஜமாணிக்கம் அப்படியில்லை. காது ஐந்தாவது சொல்லைக் கேட்கும்போதுதான் கை முதல் சொல்லை எழுதும். நடுவிலுள்ள சொற்கள், பந்தியில் இடம் கிடைக்கக் காத்திருக்கிறவர்களைப் போல மண்டைக்குள் வரிசையாக நிற்கும். பேசிக்கொண்டே, டீ குடித்துக்கொண்டே எழுதுவான். கற்றுக்கொண்ட நாளிலிருந்து அந்த வரிசையில் ஓர் எழுத்துகூட இடம் மாறி உட்கார்ந்ததில்லை.

மறுநாளும் தாளில் 'கடல் அமைதி' என்றே வந்தது. மாலையில் அலை படகுத்துறை ஜெட்டியைத் தாண்டி ரோட்டில் மீனைக் கொட்டிவிட்டுப் போனது. மெயின்லேண்டைக் கேட்டால், கொந்தளிப்பு என்றுதானே அனுப்பினோம் என்று சூடாகப் பதில் வந்தது.

மிஷினில்தான் கோளாறு என்று நினைத்தான். இந்தத் தீவில் இரும்பே ஒரு மழைக்குத் தாங்காது, கம்பி எம்மாத்திரம்? அடைமழையில் நனைந்துகொண்டு ஏரியல் கம்பத்தின் முடிச்சுகளைச் சுரண்டித் துடைத்தான். ஹெட்ஃபோனின் காதுறைகளைக் கழற்றி அடுப்பருகே உலர்த்தினான். ரிசீவரின் மூடியைத் திறந்து, சூடேறிய தூசியும் ஈரப் பலகையும் கலந்த வாடை முகத்தில் அடிக்க, மங்கலாகச் சிவந்து எரியும் வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் புதியதை மாட்டினான். அவன் குனிந்து வேலை செய்யும்போதெல்லாம், அவனோடு சேர்ந்து யாரோ பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் பிடரி கூசியது. திரும்பினால் சுவரும் காலண்டரும்தான்.

எல்லாம் புதிது. தாளில் மட்டும் பழைய 'கடல் அமைதி'.

இரண்டாவது ஹெட்ஃபோனை அதே ரிசீவரில் செருகி, ஜூனியர் கோவிந்தராஜைப் பக்கத்தில் உட்காரவைத்தான். ஒரே சத்தம், இரண்டு காது, இரண்டு பென்சில். செய்தி முடிந்ததும் தாள்களைச் சேர்த்து வைத்தார்கள். கோவிந்தராஜ் தன் தாளையும் அவனுடையதையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அண்ணே... நான் கொந்தளிப்புன்னு எழுதியிருக்கேன். நீங்க..."

"தூக்கக் கலக்கம்டா. யார்கிட்டயும் சொல்லி வைக்காதே."

"டீக் ஹை அண்ணே," என்று தீவு இந்தியில் தலையாட்டினான் கோவிந்தராஜ். ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

ராஜமாணிக்கம் தன் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். வெளியே தெரிந்தால் வேலைக்கு லாயக்கில்லை என்று சீட்டுக் கொடுத்து அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தன் அக்காவின் பிரசவத்துக்காக வடக்கே மாயாபந்தருக்குப் போன மனைவி விசாலாட்சியும் குழந்தை செல்லமும் படகில்தான் திரும்ப வேண்டும். சீக்கிரம் வா, சீக்கிரம் வா என்று அவன்தான் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தான்.

அறையில் தனியாக இருந்தபோது ஒரு சோதனை செய்து பார்த்தான். பெருமையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, புது ஆபரேட்டர் மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். கொந்தளிப்பு. சரியாக வந்தது. அதே செய்தி இரண்டாம் முறை வந்தபோது, வழக்கம்போல நாலு சொல் பின்தங்கி எழுதினான். அமைதி. காதில் கோளாறில்லை. கையில் கோளாறில்லை. நடுவில் சொற்கள் காத்திருக்கிற இடத்தில்தான், ஒன்றை எழுப்பிவிட்டு இன்னொன்று உட்கார்ந்துகொள்கிறது. அதை உட்காரவைப்பது எது என்று யோசித்தபோது மயிர்க்கால்கள் குத்திட்டன.

அன்று கராச்சர்மாவில் பூட்டிக் கிடந்த தன் வீட்டைத் திறந்து, விளக்கை ஏற்றி, சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்தான். செல்லத்தின் மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. நாள் தவறாமல் அவன் முத்தம் வைத்த மச்சம். அவன் ஞாபகத்தில் அது வலது கன்னத்தில் இருந்தது. கண்ணை மூடினான், வலது. திறந்தான், இடது. மூட பயமாக இருந்தது.

ஆனாலும் வழி தெரிந்துவிட்டதே என்று மனதைத் தேற்றிக்கொண்டான். எழுத்தெழுத்தாக எழுதினால் போயிற்று. ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே என்னதான் நுழைந்துவிட முடியும்?

கோவிந்தராஜ் மலேரியாவில் விழுந்து சௌல்தாரி கிராமத்திலிருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த வாரம், பட்டப்பகலில் வானம் இருண்டது. படகுகளைக் கட்டச் சொல்ல பன்னீர்செல்வம் ஜெட்டிக்கு ஓடினார். அவர் அறையில் இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை, அவருக்கு மோர்ஸ் தெரியாது. தன் கையே தனக்கு உதவி என்று ராஜமாணிக்கம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். மெயின்லேண்ட் தட்டியது. பல்லைக் கடித்து ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். புயல். கடல் கடும் கொந்தளிப்பு. எந்தப் படகும் புறப்படக் கூடாது.

சரியாக எழுதிவிட்டான். கண்ணில் நீர் வந்துவிட்டது.

மாயாபந்தர் ஆபரேட்டர் ஜேசுதாசன் ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தான். தூத்துக்குடிக்காரன், இருவரும் ஆங்கில எழுத்திலேயே தமிழைத் தட்டிப் பேசிக்கொள்வார்கள்.

"அண்ணாச்சி, கடல் எப்படி? இங்க வெயிலடிக்கு. சாரங்கு படகை எடுக்கவான்னு கேக்காரு. மதினியும் பாப்பாவும் ஜெட்டியிலதான் நிக்காங்க."

தாளை எதிரே வைத்து, மோர்ஸ் தட்டும் பித்தளைக் கீயில் விரலை வைத்தான். தான் தட்டுவது தன் ஹெட்ஃபோனிலேயே கேட்கும். கேட்டான்.

கடல் அமைதி. புறப்படலாம்.

விரல் நின்றது. தாளைப் பார்த்தான். புயல் என்றுதான் இருந்தது. எழுதுவதற்கு மட்டுமா சொற்கள் அங்கே காத்திருக்கின்றன? கண்ணிலிருந்து கைக்குப் போவதற்கும் அதே இடத்தைக் கடந்துதானே போக வேண்டும். அதை அவன் நினைத்தே பார்க்கவில்லை.

"சரி அண்ணாச்சி. சாரங்குகிட்ட சொல்லுதேன்."

வேண்டாம் என்று தட்டினான். அமைதி என்று கேட்டது. நிறுத்து என்று தட்டினான். அமைதி. தாளில் ஒரே ஓர் எழுத்தில் விரலை ஊன்றி, அதை மட்டும் பார்த்து, அதை மட்டும் தட்டினான். வேறு எழுத்து கேட்டது. ஓர் எழுத்துக்குள் நுழைய இடமிருக்காது என்று நினைத்திருந்தான். அதற்கு இப்போது அவ்வளவு இடமே போதும்.

"அதான் சொல்லிட்டியளே அண்ணாச்சி. ரெண்டு பேரும் ஏறியாச்சு. பாப்பா கை காட்டுது."

வாய்விட்டுக் கத்தினான். காலி அறை. மழைச் சத்தம். வயரைப் பிடுங்கப் போனான். பிடுங்கினால் தடுக்க இருக்கும் ஒரே வழியும் போய்விடும். அந்தப் படகில் வயர்லெஸ் கிடையாது. கரையை விட்டால் விட்டதுதான்.

மறுபடி தட்டினான்.

அமைதி.

மறுபடி.

அமைதி.

"படகு போயிட்டு," என்றது ஹெட்ஃபோன். பிறகு, தயங்கித் தயங்கி: "ஆமா, கீயில யாரு? இது அண்ணாச்சி தட்டுத கை இல்லையே. உங்க கை எனக்குத் தெரியாதா?"

ராஜமாணிக்கம் கீயைத் தொடக் கூடாது என்று நினைத்தான். வலது கை தொட்டது. இடது கையால் மணிக்கட்டை இறுக்கி இழுத்தான். முழங்கை மேசையில் மோதியது. வலித்தது. விரல்கள் விடவில்லை. அவை ஜேசுதாசனுக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தன. நிதானமாக. பிழையில்லாமல். அவன் வாழ்நாளில் தட்டியதைவிட அழகாக. வேறு வழியின்றி அவன் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டான்.

நான்தான் ஜேசுதாசா. கடல் அமைதி. அடுத்த படகையும் அனுப்பு.